பர்கூர் மலைக்கு விமான மருத்துவர் வருவாரா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்குச் சிறு விமானத்தில் மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போவதாகப் படித்தேன். பர்கூர் மலையின் உள்ளடங்கிய ஊர்களுக்கும் அத்தகைய ஏற்பாடு செய்தால், நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவரும் அவலம் தீருமல்லவா?
– வாசகர், அந்தியூர்

பதில்: தாங்கள் குறிப்பிடும் சேவை 1928 மே மாதத்தில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கிளான்கரி என்னும் சிற்றூரில் தொடங்கியது. தொடங்கியவர் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார். அந்நாட்டின் 20 டாலர் நோட்டில் அவருடைய முகத்தைக் காணலாம். குவாண்டாஸ் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த ஒற்றை எஞ்சின் விமானம், ஒரு விமானி, ஒரு மருத்துவர் என்ற அளவில்தான் ஆரம்பம். விமானம் கிடைத்துவிட்டாலும், நூறு மைலுக்கு அப்பால் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்ட சேதி மருத்துவருக்கு எட்டவேண்டுமே! மின்சாரமில்லாத அந்தப் பண்ணைகளுக்காக ஆல்ஃபிரெட் டிரேகர் என்பவர், தையல் மிஷினை மிதிப்பதுபோல் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவியை 1929-இல் செய்து கொடுத்தார். 1942 முதல் பண்ணைதோறும் மருந்துப் பெட்டி வைக்கப்பட்டது. அதிலுள்ள மருந்துகளுக்கு எண் இட்டிருந்ததால், மருத்துவர் வானொலியில் எண்ணைச் சொன்னால் போதும், வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். விமானத்தைவிட இந்தப் பெட்டிதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது.

இனி நம் மலைக்கு வருவோம். பத்துப் பேர் ஏறக்கூடிய சிறு விமானத்துக்கும் ஏறத்தாழ 600 மீட்டராவது சமதளம் வேண்டும். மலை உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் இன்னும் கூடுதலாக வேண்டும். பர்கூரில் அவ்வளவு சமதளம் கிடைத்தால் அது யாரோ ஒருவருடைய ராகிக் காடாக இருக்கும், அல்லது வனத்துறையின் நிலமாக இருக்கும். மேலும், பல நூறு கிலோமீட்டரைக் கடக்கும் இடத்தில்தான் விமானம் கட்டுபடியாகும். அந்தியூரிலிருந்து பர்கூர் 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், மலைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூக்கிவந்தவர்களின் பின்னால் நானும் நடந்திருக்கிறேன். மூங்கிலில் கம்பளியைக் கட்டி, நான்கு பேர் தோள் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். இறக்கம் வந்தபோதெல்லாம், அந்தப் பெண் கால்மாட்டுப் பக்கம் சரிந்துவிடாமலிருக்க, முன்னால் போனவர் மூங்கிலைத் தோளிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத படியைக் காலால் துழாவித் துழாவி இறங்கினார். கீழே தார்ச்சாலையில் 108 வண்டி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. குடிசைக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலான அந்தச் சில கிலோமீட்டரை எந்த விமானமும் குறைத்துவிடாது.

ஆஸ்திரேலிய விமான மருத்துவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ளத்தக்கது கால அட்டவணைதான். அவசர அழைப்புக்குப் பறப்பதோடு, குறித்த நாளில் குறித்த ஊரில் இறங்கி, சர்க்கரை, ரத்த அழுத்தம், தடுப்பூசி என்று பார்த்துவிட்டுப் போவதும் அவர்களுடைய அன்றாட வேலை. நாள் தவறாமல் வருபவரை நம்பி மக்கள் காத்திருப்பார்கள். நம் மாநிலத்திலும் மலைப்பகுதிச் சுகாதார நிலையங்கள் சிலவற்றில், கர்ப்பிணிகள் பிரசவ நாளுக்கு முன்பே வந்து தங்குவதற்கு அறைகள் இருக்கின்றன. அவற்றைப் பெருக்கினால் அந்த மூங்கிலுக்குப் பாதி வேலை குறையும்.

கேள்வி: விளக்கில்லாத பண்ணையில் இரவில் எப்படி இறங்குவார்கள்?
– வாசகி, உடுமலை

பதில்: பண்ணைக்காரர்களே ஓடுதளத்தின் இருமருங்கிலும் தகர டப்பாக்களில் எண்ணெயில் ஊறிய திரியைக் கொளுத்தி வைப்பதுண்டு. அதற்கு முன்பாக, கங்காரு குறுக்கே நிற்காதிருக்க வண்டியை ஒருமுறை ஓட்டி விரட்டிவிடுவார்கள். நம் பக்கமாயிருந்தால் யானைக்கு அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: விபத்தில் நெஞ்சில் அடிபட்டவரை விமானத்தில் ஏற்றக்கூடாது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பெருந்துறை

பதில்: ஏற்றலாம், ஆனால் முன்னேற்பாடு வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் குன்னூரைத் தாண்டும்போது உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியழுத்தம் குறையக் குறைய, அடைபட்ட காற்று விரிகிறது. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியிருந்தால், அதுவும் அவ்வாறே விரிந்து மூச்சை அடைத்துவிடும். ஆகவே, புறப்படுவதற்கு முன்பே நெஞ்சில் குழாய் செருகி அந்தக் காற்றை வெளியேற்றுவார்கள். உள்ளழுத்தத்தைக் காக்கும் வசதியுள்ள ஆம்புலன்ஸ் விமானமாக இருந்தால், தரைமட்ட அழுத்தத்தையே வைத்திருக்கும்படி மருத்துவர் விமானியிடம் கேட்பதும் உண்டு; அதற்காக அவர் தாழப் பறக்க நேரும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.