கயிற்றில் ஏறுமுன் கேட்க வேண்டியவை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் வான் பிடித்து, எல்லவில் உள்ள சாகசப் பூங்காவுக்கு ஒரு நாள் போய்வர எண்ணியிருக்கிறோம். புலமைப்பரிசில் பரீட்சை எழுதிக் களைத்திருக்கும் 10 வயது மகள், 6 வயது மகன், நீரிழிவும் முழங்கால் வலியும் உள்ள 68 வயது மாமி ஆகியோரும் வருகிறார்கள். மகளுக்கு உயரம் என்றால் பயம். ஒரு தடவை ஏற்றிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
(ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

பதில்: சகோதரி, உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. பயந்து அழும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி அனுப்பினால், அடுத்த முறை "வா மகள், நான் இருக்கிறேன்" என்று தகப்பன் சொல்லும்போது அவள் நம்பத் தயங்குவாள். எல்லவில் உள்ள சிப்லைன் (கம்பியில் தொங்கியபடி சறுக்கிச் செல்லும் சவாரி) தேயிலைச் சரிவின் மேலாக அரைக் கிலோமீற்றருக்கும் கூடிய தூரம் செல்வது. பயமுள்ள பிள்ளைக்கு அது முதற்படியாக இருக்க முடியாது. நிலத்திலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேற்படாத கயிற்றுப் பாலமோ வலை ஏணியோ இருக்குமிடத்தில் முதலில் விடுங்கள். அதை இரண்டு மூன்று முறை கடந்த பிறகு, பெரிய கம்பியில் மற்றவர்கள் போய்ச் சேர்வதை அவள் நின்று பார்க்கட்டும். அப்போது அவளாகக் கேட்டால் அனுப்புங்கள். மேடைவரை ஏறிவிட்டுத் திரும்பி இறங்க விரும்பினாலும், கட்டிய பணம் வீண் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. இதை வீட்டிலிருந்து புறப்படும்போதே கணவருடன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பயத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது நிறையைப் பற்றித்தான். சில ஆண்டுகளுக்கு முன் எனது தங்கையின் மகனை, அப்போது அவனுக்கு 9 வயது, மலைநாட்டில் வேறோர் இடத்துக்கு அழைத்துச் சென்றோம். தராசு அங்கே மூலையில் இருந்தும் எவரும் அவனை அதில் ஏற்றவில்லை; நாங்களும் கேட்கவில்லை. கம்பியின் பாதியைத் தாண்டியதும் அவன் வேகம் குறைந்து, பள்ளத்தாக்கின் நடுவே நின்றுவிட்டான். பணியாளர் ஒருவர் கம்பி வழியே சென்று அவனை இழுத்துவரும்வரை நாங்கள் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். கம்பி நடுவில் தொய்ந்து இருப்பதால், மறுமுனையின் ஏற்றத்தைத் தாண்டுவதற்குப் போதிய வேகம் வேண்டும். மெலிந்த பிள்ளையின் வேகத்தைச் சக்கரத்தின் உராய்வும் எதிர்க்காற்றும் எளிதில் தின்றுவிடும். நிறை கூடியவரோ மறுமுனையில் உள்ள தடுப்பை அளவுக்கு மீறிய வேகத்தில் போய் மோதக்கூடும். ஆகவே ஆகக் குறைந்த நிறை, ஆகக் கூடிய நிறை இரண்டும் என்னவென்று நுழைவுச்சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். வயதை மட்டும் கேட்டுவிட்டு விடும் இடத்தில் பிள்ளையை ஏற்றாதீர்கள். உங்கள் 6 வயது மகன் இந்த முறை கீழேயே விளையாடட்டும்.

இடுப்புப் பட்டியை மாட்டிய பின், பட்டிக்கும் தொடைக்கும் இடையில் விரித்த கை நுழைய வேண்டும். முஷ்டி நுழைந்தால் அது தளர்ந்திருக்கிறது. இடுப்பு வார் இடுப்பெலும்புக்கு மேலே இருக்கட்டும், ஏனெனில் அது வழுக்கி இறங்கினால் தலைகீழாகும்போது உடல் பட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். பூட்டுக் கொக்கியின் திருகு முழுமையாக மூடியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கம்பியுடன் பிணைக்கும் வார் ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும், ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்குவதற்காக. நடுவழியில் நிற்க நேர்ந்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரக்கூடும். கர்ப்பிணிகள், இதய நோயாளர், வலிப்பு நோய் உள்ளவர்கள், அண்மையில் முதுகில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஏறவே கூடாது.

ஆகஸ்டில் நமது பக்கம் வீசும் அதே கச்சான் காற்றுத்தான் ஊவாவின் மலைச்சரிவுகளிலும் வறட்சியாக வீசுகிறது. அந்தப் பருவத்தின் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவதற்கும் அதுவே காரணம். மழை குறைவு என்பது உங்களுக்கு நன்மை. ஆனால் காற்றுப் பலமாக இருந்தால் கம்பியை நிறுத்தி வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பணியாளரிடம் வாதாடாதீர்கள். இடி முழங்கினால் கடைசி முழக்கத்திலிருந்து 30 நிமிடங்கள் கழியும்வரை கம்பியையும் மேடையையும் விட்டு விலகி, கட்டடத்துக்குள் இருங்கள்.

மாமியைப் பற்றி. செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போவீர்களானால், யானைகள் வீதிக்கு வரும் மகாஓயாப் பகுதியை நன்றாக விடிந்த பிறகு கடக்கும்படி புறப்படுங்கள். பிபிலையைத் தாண்டி லுணுகலை, பசறை வழியே வளைவுகள் தொடரும். பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுத்து ஏற்றினால் வாந்திதான். ஆனால் மாமியின் சாப்பாட்டு நேரம் மட்டும் தவறக் கூடாது. மருந்தோ இன்சுலினோ எடுப்பவர் உணவைப் பிற்போட்டால் சீனி திடீரெனக் குறையக்கூடும், ஆகவே குளுக்கோசும் பிஸ்கற்றும் அவர் கைப்பையிலேயே இருக்கட்டும். மகாஓயா வெந்நீர் ஊற்றுகளில் சிறிது தங்குவது அவருக்குப் பிடிக்கும் என நினைக்கிறேன். அங்கே ஒரு கவனம்: நீண்டகால நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாம் என்பதால், வேறொருவர் கையால் சூட்டைப் பார்த்த பிறகே அவர் கால் நனைய வேண்டும். அவரைப் பைகளுக்குக் காவலாக இருத்திவிட்டு எல்லோரும் மேலே போய்விடாமல், பெரியவர்கள் முறைவைத்து அருகில் இருங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமாக வரும்.

கேள்வி: மலைக்குப் போகாமல் எங்கள் மாவட்டத்திலேயே பிள்ளைகளுக்குச் சாகசமான ஒரு நாளைக் காட்ட முடியாதா?
(ஒரு தந்தை, அக்கரைப்பற்று)

பதில்: முடியும். இங்கினியாகலையிலிருந்து சேனாநாயக்க சமுத்திரத்தில் படகேறுங்கள். 1954 இல் அமைக்கப்பட்ட கல்லோயா தேசியப் பூங்காவைப் படகிலிருந்தே பார்க்கலாம். நீர்த்தேக்கத்தின் நடுவே உள்ள தீவுகளுக்கு யானைகள் நீந்திச் செல்வதைக் காணக் கிடைத்தால், வேறெந்தச் சவாரியும் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்காது. காண்பது நிச்சயமில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்குரியதாக இருக்க வேண்டும்: தோள்ப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கும்போது அது காதுவரை ஏறினால், பெரியது. படகோட்டியை யானைக்கு அருகே போகச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: நான் அபாயாவும் தலைமறைப்பும் அணிபவள். சிப்லைனில் ஏறலாமா?
(வாசகி, ஏறாவூர்)

பதில்: தாராளமாக ஏறலாம். தொடைப் பட்டி இறுக்கமாகப் பூட்டப்பட வேண்டியிருப்பதால், அபாயாவுக்குப் பதிலாகத் தளர்ந்த நீளக் காற்சட்டையும் முழங்கால்வரை வரும் மேற்சட்டையும் அணிந்து செல்லுங்கள். துணியின் முனை சக்கரத்தில் சிக்கக் கூடாது. சேலை அணிவோருக்கும் துப்பட்டா போடுவோருக்கும் இதுவே பொருந்தும். தலைக்கவசத்தின் கீழே குண்டூசி எதுவும் இருக்கக் கூடாது, அடிபட்டால் அது தலையில் குத்தும். ஊசியின்றி இழுத்துப் போடும் மெல்லிய தலைமறைப்பை அணிந்து, அதன் முனைகளைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள்.