செவிலியர்களின் இடுப்பு வலிக்குத் தூக்கும் முறை தெரியாததுதான் காரணமா?

வேலையில் சேர்ந்து மூன்று வருடத்தில் இடுப்பும் வலது தோளும் விடாமல் வலிக்கிறது, "முழங்காலை மடக்கித் தூக்கத் தெரியவில்லை, அதான்" என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொல்கிறார், உண்மையிலேயே என் தப்புதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் இல்லை. பொது வார்டிலும் ஐசியூவிலும் பல வருடம் நின்றவள் நான். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நோயாளியை எப்படி நகர்த்துவது என்று வகுப்பு எடுப்பதும் என் வேலைதான். அந்த வகுப்பு மட்டுமே யாருடைய இடுப்பையும் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை.

முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, சுமையை உடம்போடு அணைத்துக்கொள் என்ற பாடம் பெட்டி தூக்குகிற வேலைக்குப் பொருந்தும். பெட்டி பாதி வழியில் பயந்துபோய் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. நோயாளி கட்டிக்கொள்வார். அவருக்கும் உங்களுக்கும் நடுவில் கட்டில் சட்டம், தடுப்புக் கம்பி, சலைன் குழாய், யூரின் பை எல்லாம் இருக்கும். முழங்காலை மடக்கினால் கட்டிலில் போய் இடிக்கும். அதனால் கையை நீட்டி, இடுப்பை வளைத்து, ஒரு பக்கம் திரும்பியபடிதான் பிடிக்க முடிகிறது. முதுகெலும்புக்கு ஆகாத மூன்றும் ஒரே நேரத்தில் நடந்துவிடுகிறது.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாமே சாதகமாக இருக்கும் நிலையில் ஒருவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையை 23 கிலோ என்று வைத்திருக்கிறது. அது பொருட்களுக்கு. மனிதர்களைத் தூக்குவதற்கு அதே நிறுவனத்தின் தாமஸ் வாட்டர்ஸ் 2007ல் சொன்ன வரம்பு சுமார் 16 கிலோ. அதுவும் நோயாளி ஒத்துழைத்து, திடீரென்று அசையாமல், சுமை உங்கள் உடம்பை ஒட்டி இருந்தால். ஒரு மனிதரின் ஒரு கால் அவர் உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 80 கிலோ நோயாளி என்றால் ஒரு காலே 13 கிலோ சொச்சம். "டிரெஸ்ஸிங் முடியற வரைக்கும் காலைத் தூக்கிப் பிடிங்க சிஸ்டர்" என்று டாக்டர் சொல்லும்போது அந்த 13 கிலோவைக் கை நீட்டியபடி, அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் வலது தோள் ஏன் வலிக்கிறது என்பதற்கு நான் முதலில் விசாரிக்கிற இடம் இதுதான்.

இரண்டாவது இடம், சறுக்கிக் கீழே வந்த நோயாளியை மேலே இழுத்துப் போடுவது. தலைமாட்டை உயர்த்தி வைத்தால் அவர் சறுக்கத்தான் செய்வார், திரும்பத் திரும்ப இழுக்கத்தான் வேண்டும். அடியில் இருக்கும் சாதாரணத் துணி விரிப்பு மெத்தையோடு உராய்கிறது, அந்த உராய்வை உங்கள் தோளும் அடிமுதுகும்தான் வெல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் மாராஸ் குழுவினர் 1999ல் வெளியிட்ட ஆய்வில் நோயாளியை நகர்த்தும்போது முதுகெலும்பில் விழும் சுமையைக் கணக்கிட்டார்கள். ஒருவர் தனியாகச் செய்தால் ஆபத்து என்பது எதிர்பார்த்ததுதான். இரண்டு பேர் சேர்ந்து செய்தாலும் ஆபத்து கணிசமாகவே இருந்தது. "இன்னொருத்தரைக் கூப்பிட்டுக்கொள்" என்ற அறிவுரை நல்லதுதான், ஆனால் அது போதாது.

சரி, தூக்குவதை விடுங்கள். நாள் முழுக்க நீங்கள் குனிந்து நிற்கும் நேரத்தை யாராவது கணக்கில் எடுக்கிறார்களா? நரம்பில் ஊசி ஏற்ற, யூரின் டியூப் போட, படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்ய, படுக்கையிலேயே குளிப்பாட்ட என்று எல்லாவற்றுக்கும் குனிகிறீர்கள். கையில் எடையே இல்லாவிட்டாலும், இடுப்புக்கு மேலே இருக்கும் உங்கள் உடம்பே மொத்த எடையில் பாதிக்கு மேல். அதைத் தாங்கிப் பிடிப்பது அடிமுதுகுத் தசைகள்தான். மேஜை உயரம் சரியில்லாத கணினியில் குறிப்பு எழுதுவதால் கழுத்து, மணிக்கணக்கில் நிற்பதால் முழங்காலும் பாதமும். செவிலியர்களைப் பற்றிய ஆய்வுகளில் அடிமுதுகு வலி பெரும்பாலும் முதலிடத்தில் வருகிறது, கழுத்தும் தோளும் அதை ஒட்டியே வருகின்றன. உங்கள் இரண்டு வலியும் அந்தப் பட்டியலில் நன்றாகப் பொருந்துகிறது.

இத்தனைக்கும் பின்னால் இருப்பது ஆள் கணக்கு. இரண்டு பேர் செய்ய வேண்டியதை இரவில் ஒருவர் செய்கிறார், ஏனென்றால் மற்றவர் இன்னொரு கட்டிலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். மாலை ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போய், தூங்கியும் தூங்காமலும் மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்து நின்றால் தசைகள் எப்போது தேறும்? தூக்கம் குறைந்தால் வலியைத் தாங்கும் திறனும் குறைகிறது, அதே வேலை அதிகமாக வலிக்கும். வேலை நெருக்கடி, தன் வேலையைத் தானே ஒழுங்கு செய்துகொள்ள முடியாத நிலை, மேலதிகாரியின் ஆதரவு இல்லாமை இவற்றுக்கும் முதுகு வலிக்கும் தொடர்பு இருப்பதாக நிறைய ஆய்வுகள் சொல்கின்றன. இதைக் கேட்டதும் "அப்போ வலி மனசுலதான்" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அவர்களிடம் நான் வாதம் செய்வதையே விட்டுவிட்டேன். அவசரத்தில் இருக்கும் செவிலியர் கட்டிலை உயர்த்தாமல் குனிவார், உதவிக்குக் காத்திருக்காமல் தானே இழுப்பார். இதைப் புரிந்துகொள்ள வார்டில் ஒரு ஷிப்ட் நின்று பார்த்தாலே போதும்.

என் வகுப்புக்கு வருகிறேன். சரியாகத் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது முதுகு வலியைத் தடுக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011ல் அலசியது. அறிவுரையும் பயிற்சியும் வலியைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான். வலி இல்லாதவர்களுக்கு அது வராமல் காக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.

அப்புறம் எதுதான் பலன் தருகிறது? கையால் தூக்குவதையே குறைப்பது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் செவிலியர் சங்கம் 1998லேயே "தூக்காதே" கொள்கையைக் கொண்டுவந்தது. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 2003ல் இதற்காகத் தனி இயக்கம் தொடங்கியது. கூரையில் ஓடும் தூக்கி, சக்கரம் வைத்த தூக்கி, எழுந்து நிற்க உதவும் கருவி, வழுக்கு விரிப்பு எல்லாம் இந்த வகை. இவற்றைக் கொள்கையோடும் போதிய ஆளோடும் சேர்த்துக் கொண்டுவந்த பல மருத்துவமனைகளில் காயங்கள் குறைந்ததாக அறிக்கைகள் உண்டு. இங்கேயும் ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. அதற்குக் காரணம் வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். மெஷின் வாங்கியதாகக் கணக்கு இருக்கும், ஸ்டோர் ரூமில் துணி மூடி நிற்கும். சார்ஜ் ஏறியிருக்காது. நோயாளியைத் தாங்கும் தொட்டில் துணி சலவைக்குப் போயிருக்கும், இருக்கிற ஒன்று அளவு சேராது. வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து அதை உருட்டிக்கொண்டு வருவதற்குள் கையால் இழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். எனக்கே தோன்றும். அதனால்தான் தலைக்கு மேலேயே தயாராக இருக்கும் கூரைத் தூக்கியை நான் ஆதரிக்கிறேன். அது இல்லாத இடத்தில் வழுக்கு விரிப்பு. இரண்டு வழவழப்பான துணி ஒன்றின் மேல் ஒன்று நகர்கிறது, அவ்வளவுதான். செலவு குறைவு, இடம் அடைக்காது, உராய்வு பெருமளவு போய்விடுகிறது. இவ்வளவு எளிய பொருளை ஏன் எல்லா வார்டிலும் வைக்க மாட்டேன் என்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

இதெல்லாம் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. எதைத் தொடங்கும் முன்னும் கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், முடிந்ததும் மறக்காமல் இறக்குங்கள். மேலே இழுக்கும் முன் தலைமாட்டைத் தட்டையாக்கினால், சரிவில் இழுக்க வேண்டியிருக்காது. முடிகிற நோயாளியைக் காலை மடக்கிக் குதிகாலால் உந்தச் சொல்லுங்கள். அது அவருக்கும் பயிற்சிதான். விழப்போகிறவரைத் தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், உடம்போடு ஒட்டி மெல்லத் தரையில் இறக்குங்கள். இது கல்நெஞ்சமாகத் தெரியும், ஆனால் எட்டிப் பிடித்தால் இரண்டு பேருக்கும் அடிபடலாம்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாய்ச்சண்டை வேண்டாம், எழுத்தில் போங்கள். 1987ல் வெளியான நார்டிக் கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. உடம்பை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதத்திலும் கடந்த 7 நாளிலும் எங்கே தொந்தரவு இருந்தது, அதனால் வேலை தடைப்பட்டதா என்று கேட்கும். வார்டில் எல்லோரும் பெயர் போடாமல் அதை நிரப்பினால், எல்லோருக்கும் ஒரே இடத்தில் வலிப்பது தாளில் தெரிந்துவிடும். ஒரு வார்டு முழுக்கத் தூக்கத் தெரியாதவர்கள் என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். நகர்த்தும்போது சுரீர் என்று பிடித்துக்கொண்டால் அன்றே சம்பவப் படிவத்தில் எழுதுங்கள். நேரம், நோயாளியின் எடை, கட்டில் உயரம், அந்த ஷிப்டில் எத்தனை ஸ்டாஃப் என்ற விவரங்களோடு எழுதினால்தான் பிற்பாடு உதவும்.

மூன்று வருட வலி என்றால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு மாறினாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் படுக்கை ஓய்வு பொதுவாக உதவாது, நடமாடிக்கொண்டே இருப்பதுதான் நல்லது. டாக்டரிடம் "நர்ஸ் வேலை" என்று மட்டும் சொன்னால் அவர் மனதில் ஓடுவது ஊசியும் மாத்திரையும்தான். ஒரு ஷிப்டில் எத்தனை பேரைத் திருப்பிப் போடுகிறீர்கள், எத்தனை முறை மேலே இழுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். நீண்ட லீவு எழுதித் தருவதற்குப் பதில், சில வாரங்களுக்கு நோயாளியை நகர்த்தும் வேலை மட்டும் வேண்டாம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சீட்டை நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கொடுத்து, நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.