கடற்கரை மணலில் வண்டி ஓட்டுவது: கேள்வி பதில்

புதுசா மஹிந்திரா தார் 4x4 (நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்) எடுத்திருக்கேன் சார். மணல்ல இறக்கும்போது டயர்ல எவ்வளவு காத்து வைக்கணும்?

18 பிஎஸ்ஐ-இல் ஆரம்பியுங்கள். வண்டி திணறினால் 16, அதற்கும் மசியவில்லை என்றால் 15. 12-க்குக் கீழே போகாதீர்கள். திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்றைக் குறைத்தால் டயர் அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும். பாரம் பரவுவது அதனால்தான். மணலில் இறங்கும் முன்பே நான்கு டயரிலும் குறைத்துவிடுங்கள். திரும்ப அடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும். குறைந்த காற்றோடு சாலையில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.

அண்ணா, 4ஹெச்-ஆ 4எல்-ஆ?

தட்டையான மணலுக்கு 4ஹெச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்). மேடு ஏறவும், புதைந்ததிலிருந்து வெளியே வரவும் 4எல் (நான்கு சக்கர இழுவை, வேகம் குறைவு, இழுவை அதிகம்). அதிலும் இரண்டாவது கியரில் எடுங்கள், முதல் கியர் சக்கரத்தைச் சுழற்றிக் குழி பறித்துவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் லேசாக வழுக்கினாலே அது இன்ஜினின் இழுவையைக் குறைக்கும், மணலில் அந்த நொடியில்தான் வண்டி நிற்கும். பிரேக் போட்டு நிறுத்துவதும் வேண்டாம். சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, மறுபடி கிளம்பும்போது அதுவே தடையாகும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் தானாக நிற்கும். முகம் இறக்கத்தைப் பார்த்து இருக்கிற மாதிரி நிறுத்துங்கள்.

புதைஞ்சிடுச்சு. ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க இன்னும் கீழ போகுது. என்ன செய்யறது?

முதலில் மிதிப்பதை நிறுத்துங்கள். சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லை என்றால் இரண்டு நொடிக்கு மேல் மிதிக்கக் கூடாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். அச்சும் வயிற்றுத் தகடும் மணலில் உட்கார்ந்துவிட்டால் சக்கரத்துக்குப் பாரமே இருக்காது, பிடிப்பும் போய்விடும்.

இறங்கிக் குனிந்து பாருங்கள். டிஃபரென்ஷியல் (அச்சில் புடைத்திருக்கும் பல்சக்கரப் பெட்டி) மணலைத் தொடுகிறதா? தொட்டால் அதன் அடியில்தான் முதலில் தோண்ட வேண்டும், சக்கரத்தை அப்புறம் பார்க்கலாம். ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். போகும் திசையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக மணலை அள்ளுங்கள். காற்றை இன்னும் 2, 3 பிஎஸ்ஐ குறையுங்கள். ஆட்களை இறக்கிவிடுங்கள். பெரும்பாலும் பின்னால் எடுப்பதே சுலபம். வந்த தடத்தில் மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும். ஜாக்கி போடுவதானால் அடியில் ஒரு பலகை கட்டாயம், இல்லையென்றால் ஜாக்கிதான் இறங்கும், வண்டி ஏறாது.

டோ பால்ல (டிரெய்லர் மாட்டுற குண்டு) கயிறு கட்டி இழுக்கலாமா ப்ரோ?

கூடவே கூடாது. இழுவையில் அது உடைந்தால் தோட்டா போலப் பறக்கும், உயிர் போயிருக்கிறது. சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட் செய்த, எடை குறிப்பிட்ட இழுவைக் கொக்கி மட்டும். கயிற்றின் நடுவில் கனமான ஈரத் துணியைப் போடுங்கள், ஆட்கள் தள்ளி நிற்கட்டும்.

கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு கடற்கரையில சாதாரண ஹேட்ச்பேக் ஓட்டலாமா?

ஓட்டுகிறார்கள். அங்கே ஈரம் உள்ள பகுதி இறுகலானது. மணல்துகள்களை நடுவில் உள்ள கொஞ்சம் நீர் பிடித்துவைக்கும். சிக்குவது இரண்டு இடத்தில்: சாலையிலிருந்து இறங்கும் உலர்ந்த பொடிமணல், அலை நனைத்துக்கொண்டே இருக்கும் ஓரம். அந்த ஓரத்தில் நிறுத்தினால் மணல் குழைந்து சக்கரம் தானாகவே இறங்கும். பக்கத்தில் உள்ள தடங்களைப் பாருங்கள்: ஆழமில்லாத தடம் என்றால் தாராளமாகப் போகலாம்.

பிரிஸ்பேன்ல இருக்கோம். ஃப்ரேசர் தீவுக்கு (இப்போ கரி) குடும்பத்தோட போறோம். என்ன கவனிக்கணும்?

4x4 இல்லாமல் அங்கே வண்டி ஓட்ட முடியாது, வாகன அனுமதிச் சீட்டும் முன்கூட்டியே வாங்க வேண்டும். இன்ஸ்கிப் முனையில் படகில் ஏறும் முன் உள்ள மணலே பலரையும் சிக்கவைக்கும். காற்றை அதற்கு முன்னாலேயே குறையுங்கள். கடல் ஏற்றம் (ஓதம்) உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் கடற்கரையில் ஓட்டாதீர்கள். தீவின் ‘75 மைல் கடற்கரை’யில் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை அனுமதி உண்டு, ஆனால் ஓடைகள் அறுத்த பள்ளம் தூரத்திலிருந்து தெரியாது. சிறு விமானங்களும் அங்கேயே இறங்கும், வழி விடுங்கள். வாடகை வண்டி என்றால் உப்புநீர்ச் சேதம் காப்பீட்டில் வருமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

பெரிய மட் டயர் போட்டா நல்லதா?

இல்லை. முரட்டுப் பட்டைகள் மணலைத் தோண்டும். சாதாரண ஆல் டெரெய்ன் (எல்லா வகைத் தரைக்குமான டயர்) போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு?

அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்: சேஸிஸின் உட்புறம், பிரேக், ஸ்பிரிங் இடுக்குகள். அழுத்தப் பம்பை ரேடியேட்டரின் மேல் நேராக அடிக்காதீர்கள், துடுப்புகள் மடங்கும்.