பயணக் கட்டுப்பாட்டுக்குள் உடம்பை அசைப்பது எப்படி? திருகோணமலைக் கேள்விகளும் ஓர் இயன்மருத்துவரின் பதில்களும்

2021 மே 21ஆம் திகதி இரவு தொடங்கிய கொரோனாப் பயணக் கட்டுப்பாடு ஜூன் 7 வரை என்றார்கள், பிறகு 14 என்றார்கள், அதன் பிறகு 21 என்றார்கள். நான் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறவள். கேள்விகள் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன், நிறையவே வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து அந்த நாட்களில் எழுதிய பதில்கள் இவை.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: எனக்கு வயது 24, உதைபந்தாட்டம் விளையாடுகிறவன். விடிய நாலரைக்குக் கடற்கரையில் ஒரு சனம் இல்லை. ஓடிவிட்டு வந்தால் யாருக்கு என்ன நட்டம், மிஸ்?

தம்பி, வேண்டாம். கட்டுப்பாட்டு நேரத்தில் வீதியிலோ கடற்கரையிலோ உடற்பயிற்சி செய்ய அனுமதி இல்லை. தனிமைப்படுத்தல் சட்டத்தில் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை. ஆளில்லாத கரையில் தனியாக ஓடும் ஒருவருக்குத் தொற்று வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் இன்றைக்கு நீங்கள் ஓடுவதைக் கண்டவர் நாளைக்கு வருவார், நாளன்றைக்குப் பந்தும் வரும். சாதாரண நாளில் பின்னேரம் டச்பே கரை எப்படி நிரம்பும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

வளவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும். 10 மீற்றர் அளந்து இரண்டு முனையிலும் கல் வையுங்கள். போய் வருவது 20 மீற்றர். வேகமாக 30 செக்கன் ஓடி 30 செக்கன் நடக்க வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, கிழமையில் மூன்று நாள். ஓட்டத்தின் அளவு வழமையில் மூன்றில் ஒன்றாகக் குறைந்தாலும், வேகத்தை விடாமல் வைத்திருந்தால் மூச்சுப் பலம் பல வாரங்களுக்கு நிற்கும். திரும்பும்போது ஒருமுறை இடதுகாலில், மறுமுறை வலதுகாலில் திரும்புங்கள். ஒரே காலில் திரும்பினால் அந்த முழங்கால் நோகும். ஓட முன்னம் குரும்பட்டியைக் கூட்டி ஒதுக்குங்கள், தென்னைக்கு நேர்கீழே ஓடாதீர்கள். கணுக்கால் பிரண்டு வருகிறவர்களிடம் நான் காரணம் கேட்டால், பாதிப்பேர் குரும்பட்டி என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று, இது கச்சான் காற்றுக் காலம். அந்தக் காய்ந்த காற்றில் வியர்வை வந்த உடனேயே உலர்ந்துவிடும். வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் விட்டுவிடுவோம். காலை எட்டுக்கு முன்னம் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாலை ஐந்துக்குப் பிறகு.

மனையாவெளியிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 72. தினமும் விடிய கோட்டைக்குள்ளால் ஏறிக் கோணேசரைக் கும்பிட்டு வருகிறவர். இப்போது காலை முதல் இரவு வரை செய்தி பார்த்துக்கொண்டு இருக்கிறார். எழும்பும்போது தள்ளாடுகிறார். வயதுக்கு இது சரிதானா?

சரியில்லை அக்கா. வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அந்த ஏற்றம்தான் அவருடைய தொடைத் தசைக்குத் தினசரி வேலையாக இருந்தது. அது நின்றுவிட்டது. வயதானவர்களுக்கு இருந்த இருப்பில் தசை கரைவது இளம் ஆட்களைவிட வேகமானது, திரும்பக் கட்டுவதும் மெதுவானது. குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால், இந்த நேரத்தில் ஆஸ்பத்திரி அலைச்சல் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

முதலில் அவருடைய காலின் பலத்தைப் பாருங்கள். கைபிடி இல்லாத, சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைச் சுவரோடு சாய்த்து வையுங்கள், சறுக்கக் கூடாது. அப்பாவை நடுவில் இருத்தி, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே வைக்கச் சொல்லுங்கள். பாதம் நிலத்தில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்கிறார் என்று எண்ணுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 70 முதல் 74 வயது வரையான ஆணுக்கு 12க்குக் குறைந்தால், விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்வோம். கையை ஊன்றித்தான் எழும்புகிறார் என்றால் கணக்குப் பூச்சியம். மனம் உடையாதீர்கள், அது தொடக்கப் புள்ளி மட்டும்தான்.

பயிற்சியும் அதேதான். ஒரு நேரத்துக்கு ஐந்து தரம் எழும்பி இருக்கட்டும், ஒரு நாளைக்கு மூன்று நேரம். செய்தியை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம், விளம்பரம் போகும்போது எழும்பச் சொல்லுங்கள். இருக்கும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக இருக்க வேண்டும். தசைக்கு உண்மையான வேலை அந்த இறக்கத்தில்தான். நாலைந்து நாளில் பழகியதும் எட்டு, பிறகு பத்து.

சமநிலைக்கு, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலின் விரலுக்கு நேர் முன்னால் மற்றக் காலின் குதி வரும்படி பத்து செக்கன் நிற்கட்டும். 65க்கு மேற்பட்டவர்கள் சமநிலைப் பயிற்சியைக் கிழமையில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கோணேசரை அவர் முற்றத்தில் கிழக்கே பார்த்து நின்று கும்பிடட்டும், அதையும் நின்றுகொண்டே செய்யட்டும். எழும்பும்போது தலை சுற்றினால் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் பிரஷரைப் பாருங்கள்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்யலாமா? (மூன்று பேர் கேட்டிருந்தார்கள்)

வீட்டுக்குள், வீட்டு ஆட்களோடு செய்யும்போது தேவையில்லை. கடினமான பயிற்சியில் அது வியர்வையில் நனைந்து மூச்சுக்கு இடைஞ்சலாகும். கடைக்குப் போகும்போது கட்டாயம் போடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி: இரண்டு அறை வீடு, ஏழு பேர். முற்றமும் இல்லை. வாப்பாவுக்குச் சீனி வருத்தம், இப்போது 200க்கு மேல் ஏறி நிற்கிறது. நடக்க இடமில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் பத்து நிமிடம், மூன்று வேளையும். நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைத்து நடந்தால் போதும். ஒரு பாய் விரிக்கும் இடம் தாராளம். சாப்பாட்டிலிருந்து சீனி இரத்தத்தில் ஏறும் அந்த நேரத்தில் கால் தசை வேலை செய்தால், அது சீனியை இழுத்து எடுக்கும். காலையில் ஒரேயடியாக அரை மணித்தியாலம் நடப்பதைவிடச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பது நல்ல பலன் தரும். ஏழு பேரும் ஒன்றாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் செய்தால் பிள்ளைகளுக்கும் விளையாட்டாக இருக்கும்.

வாப்பா இன்சுலின் போடுகிறவரா, அல்லது கிளிக்லாசைட் மாதிரியான மாத்திரை எடுக்கிறவரா என்று பாருங்கள். அப்படியென்றால் வெறும் வயிற்றில் பயிற்சி வேண்டாம். நடுக்கம், குளிர் வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் குறைவு. மருந்து முடியும் வரை காத்திருக்காதீர்கள். கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு 2020 ஊரடங்கிலேயே தொடங்கியது. உங்கள் கிளினிக்குக்கு ஒருமுறை போன் எடுத்துக் கேளுங்கள்.

பாலையூற்றிலிருந்து ஒரு அண்ணா: மேசன் வேலை செய்கிறவன். மூன்று கிழமையாக வேலை இல்லை. சாப்பாட்டுக்கே யோசனை. இதில் உடற்பயிற்சி யாருக்கு?

நீங்கள் கேட்பது நியாயம், அண்ணா. அரைவயிற்றோடு இருக்கிறவர் ஓடிக் குதிக்க வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது கிராம சேவகரிடம் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுப்பனவு 2021 ஜூனில் கொடுக்கத் தொடங்கினார்கள். விடுபட்டிருந்தால் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது மறக்கப்படும். அக்கம்பக்கத்தில் முருங்கை நிற்கும். அந்த இலையும் பருப்பும் நெத்தலியும் இருந்தால் பிள்ளைகளின் உடம்பு தாங்கும்.

உங்கள் முதுகுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். பாரம் தூக்கிப் பழகிய உடம்பு ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே சீமெந்து மூடை தூக்கினால் பிடித்துக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீரை நீங்களே அள்ளிக் கொடுங்கள். 10 லீற்றர் வாளி என்றால் 10 கிலோ, இரண்டு கைக்கும் மாறி மாறி. வேலை தொடங்கியதும் முதல் கிழமை மூடையை இரண்டு பேராகத் தூக்குங்கள்.

ஒரு தாய்: பிள்ளைகள் நாள் முழுக்க சூம் வகுப்பில் போனோடு. கழுத்து நோகுது என்கிறார்கள்.

போனைக் கண் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி வையுங்கள். ஒவ்வொரு பாடம் முடிய எழும்பட்டும். 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்கு 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும். கயிறடிப்பதும் கெந்தி விளையாடுவதும் நன்றாகக் காணும்.

சாம்பல்தீவிலிருந்து: எனக்குக் கொரோனா வந்து மாறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வயது 38. பழையபடி எப்போது தொடங்கலாம்?

அறிகுறி எதுவும் இல்லாமல் ஏழு நாள் போகட்டும். அதுவரை வீட்டுக்குள் மெல்ல நடப்பது மட்டும். பிறகு இரண்டு கிழமை, கதைத்துக்கொண்டே செய்யக்கூடிய அளவு வேலைதான். வேர்த்து விறுவிறுக்க வேண்டாம். இந்த வைரஸ் சிலருக்கு இதயத் தசையையும் தாக்குகிறது, அவசரப்படக் கூடாது என்பது அதனால்தான். செய்து முடிந்த அடுத்த நாள் அடித்துப் போட்டது போல் கிடந்தால் முதல்நாள் செய்தது கூடிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். நெஞ்சு நோவு, படபடப்பு, மயக்கம் வந்தால் உடனே 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம், கட்டுப்பாட்டு நேரத்திலும் வரும்.

மரக்கறி லொறி வரும்போது என்ன கவனிக்க வேண்டும்?

வீட்டுக்கு ஒருவர், ஒரு மீற்றர் இடைவெளி. பாண் ஓட்டோவின் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடுவார்கள், பிடித்து நிறுத்துங்கள். மரக்கறியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம், ஓடும் தண்ணீர் போதும். கழுவ வேண்டியது கையை.

மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி: ஏழு மாதம். அசையாமல் படு என்கிறார் மாமி.

டொக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் மட்டும்தான் படுக்கை. இல்லாவிட்டால் நிழலில், கதைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு 20 அல்லது 30 நிமிடம் நடங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு நடங்கள், அவருக்கும் நல்லது. நேராக மல்லாந்து நெடுநேரம் படுக்காமல் இடப்பக்கம் சரிந்து படுங்கள். இரத்தம் பட்டாலோ, நீர் போனாலோ, பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலோ விடியட்டும் என்று பார்க்காமல் 1990க்கு எடுங்கள், மருத்துவிச்சிக்கும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணியைக் கட்டுப்பாடு தடுக்காது. கிளினிக் கொப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.