தரிசு நிலத்தை அப்படியே விட்டால் காடு வருமா?

கேள்வி: பயிரிட ஆளில்லாமல் எங்கள் 3 ஏக்கர் நிலம் தரிசாகக் கிடக்கிறது. மனிதர்கள் மறைந்துவிட்டால் காடு தானாகவே பூமியை மூடிவிடும் என்கிறார்கள். அப்படியானால் மரக்கன்று நடாமல் சும்மா விட்டாலே போதுமா?

பதில்: பல நிலங்களில் நடவு தேவைப்படாது, காவல்தான் தேவைப்படும். கன்று வாங்கப் புறப்படுமுன் மூன்று மழைக்காலம் பொறுத்திருங்கள்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1882-ல் சுமார் அரை ஏக்கர் கோதுமை வயலை அறுவடை செய்யாமல் விட்டுவிட்டார்கள். நான்கே ஆண்டுகளில் களைகள் கோதுமையை வென்றுவிட்டன. மிஞ்சிய சில செடிகளும் கோதுமை என்றே தெரியாத அளவுக்குக் குன்றிப்போயின. இன்று அங்கே நிற்பது மரக்காடு. அதே துண்டின் ஒரு பகுதியில் மட்டும் தலைகாட்டும் மரக்கன்றுகளை ஆண்டுதோறும் அகற்றி வந்தார்கள். அந்தப் பகுதி புல்லும் பூண்டுமாகவே இருக்கிறது.

உங்கள் நிலத்தில் அந்த அகற்றும் வேலையை ஆடு மாடுகளும் தீயும் செய்துவிடும். ஆளில்லாத பூமியில் மேய்ச்சல் மந்தையும் இல்லை, சருகுக்குத் தீ வைப்பவரும் இல்லை. உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே முதல் செலவு வேலிக்கு. கோடைக்கு முன் எல்லையோரம் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை போடுங்கள்.

பிறகு தரையைக் குனிந்து பாருங்கள். புதர் என்று நினைப்பது பழைய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வந்த துளிராக இருக்கலாம். 1980-களில் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ கண்டுகொண்டது இதைத்தான். பல துளிர்களில் வலுவான சிலவற்றை விட்டு மற்றவற்றைக் கழித்துவிடும் இந்த முறையில் அந்நாட்டு விவசாயிகள் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டார்கள். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் துளிர் விதைக்கன்றைவிட வெகு வேகமாக உயரும். கன்று நடும் ஆர்வத்தில் இவற்றை உழுது அழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

கட்டைகளே இல்லையென்றால் விதை வெளியிலிருந்து வரவேண்டும். பறவைகள் பெரும்பாலும் உட்காரும் இடத்தில்தான் எச்சமிடும். அதனால் தனித்து நிற்கும் ஒற்றை மரத்தையும் வெட்டாதீர்கள். மரமே இல்லாவிட்டால் கிளையுள்ள கழிகளை நட்டுவையுங்கள். பழந்தின்னி வௌவால்கள் பறந்தபடியே எச்சமிடுவதால் வெட்டவெளிக்கும் விதை வந்து சேரும்.

சும்மா விடக் கூடாதவை சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும். சிறிதாக இருக்கும்போதே, மண் ஈரமாக உள்ள நாளில், வேரோடு பிடுங்குங்கள். மேலோடு வெட்டினால் மீண்டும் தழைக்கும். நிலம் இயற்கையாகவே புல்வெளியாக இருந்ததென்றால் அங்கே மரத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம், நடவும் வேண்டாம்.

எத்தனை ஆண்டு ஆகும்? கைவிடப்பட்ட வெப்பமண்டல நிலங்களை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஆய்வின்படி, மண் வளம் 10 ஆண்டுகளுக்குள் பெருமளவு மீள்கிறது. பழைய காட்டின் அதே மர வகைகள் திரும்ப 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

மூன்றாவது மழைக்காலம் முடிந்தும் மரக்கன்று எதுவும் தலைகாட்டவில்லையானால் அப்போது நடுங்கள். நிலம் முழுக்க வரிசையாக வேண்டாம். அப்பகுதிக்கே உரிய, பறவைகள் விரும்பும் பழமரங்களாகப் பார்த்து, ஆங்காங்கே சிறு சிறு கூட்டங்களாக நடுங்கள். இடைவெளிகளைப் பறவைகள் நிரப்பும்.