ஐந்து தளத்துக்கும் ஒரே சாவி போதுமா?

கேள்வி: எங்கள் அறக்கட்டளைக்கு ஒரு பொதுத் தளம், அது போகப் பள்ளி, கல்லூரி, விடுதி, முன்னாள் மாணவர் சங்கம் என்று மொத்தம் ஐந்து வேர்ட்பிரஸ் தளங்கள். ஐந்துக்கும் தனித்தனி லாகின், தனித்தனி அப்டேட். பார்ப்பதோ நான் ஒருத்தி. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர முடியாதா?
- அலுவலகப் பணியாளர், திண்டுக்கல்

பதில்: முடியும். உங்கள் நிலைமைக்கு அதைத்தான் செய்யவும் வேண்டும். இதற்குப் பெயர் மல்டிசைட், ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்களை ஒரு நெட்வொர்க்காக நடத்தும் வசதி. முன்பு வேர்ட்பிரஸ் எம்யூ என்று தனி மென்பொருளாக இருந்தது, 2010 ஜூனில் 3.0 பதிப்பு வந்தபோது வேர்ட்பிரஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே புதிதாக எதையும் வாங்க வேண்டாம், உங்களிடம் இருப்பதிலேயே அது தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எழுப்புவது எப்படி என்றால், முதலில் முழு பேக்கப் ஒன்று எடுத்து உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள், கூடுதல் வசதிக்காகச் சேர்த்திருக்கும் ப்ளகின்கள் எல்லாவற்றையும் டீஆக்டிவேட் செய்யுங்கள். பிறகு வேர்ட்பிரஸின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பைத் திறந்தால், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் 'இதோடு முடிந்தது, இதற்குக் கீழே திருத்தாதீர்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். மல்டிசைட்டை அனுமதிக்கும் ஒற்றை வரியை அந்த வரிக்கு மேலேதான் போட வேண்டும். கீழே போட்டுவிட்டு 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். சேமித்துவிட்டு டாஷ்போர்டுக்கு வந்தால், டூல்ஸ் மெனுவில் நெட்வொர்க் செட்டப் என்று புதிதாக ஒன்று முளைத்திருக்கும். அது சில கேள்விகள் கேட்டுவிட்டு இரண்டு துண்டு குறியீடு தரும். ஒன்று அதே கான்ஃபிக் கோப்புக்கு, இன்னொன்று சர்வர் அமைப்புகளுக்கான ஹெச்டிஅக்சஸ் கோப்புக்கு. ஒட்டி, சேமித்து, மறுபடி லாகின் செய்தால் நீங்கள் சூப்பர் அட்மின், அதாவது எல்லாத் தளங்களுக்கும் மேலான நிர்வாகி.

ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே ஓடும் ஐந்து தளங்களும் ஒரு பட்டனை அழுத்தினால் தானாகச் சேர்ந்துவிடாது. பொதுத் தளத்தை நெட்வொர்க் ஆக்கி, அதில் நான்கு தளங்களைப் புதிதாக உருவாக்கி, பழைய தளங்களிலிருந்து எக்ஸ்போர்ட் எடுத்து ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்ய வேண்டும். பதிவுகள், பக்கங்கள், படங்கள் வந்துவிடும். தீம் அமைப்புகள், விட்ஜெட்டுகள், ப்ளகின் அமைப்புகள் வராது, அவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். விடுதித் தளத்தில் ஆரம்பியுங்கள், இருப்பதிலேயே சின்னதாக அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், கை பழகட்டும், பள்ளித் தளத்தை விடுமுறையில் செய்யலாம்.

அப்புறம் வேலை எவ்வளவு குறையும் என்று கேட்டால், வேர்ட்பிரஸ் ஒன்று, ப்ளகின் ஒரு செட், தீம் ஒரு செட், அப்டேட் ஒருமுறை. பெரிய பதிப்பு மாறும்போது மட்டும் நெட்வொர்க் அட்மினில் 'அப்கிரேடு நெட்வொர்க்' என்பதையும் மறக்காமல் அழுத்துங்கள், எல்லாத் தளங்களின் டேட்டாபேஸும் அப்போதுதான் புதுப் பதிப்புக்கு மாறும். பள்ளிக்கு ஓர் ஆசிரியர், கல்லூரிக்கு ஒருவர் என்று அந்தந்தத் தளத்துக்கு மட்டும் அட்மின் போட்டுக் கொடுத்துவிடலாம். அவர்கள் எழுதலாம், படம் போடலாம். ப்ளகின் நிறுவ முடியாது, அது உங்கள் கையில் மட்டும்தான். பல கைகள் புழங்கும் இடத்தில் இந்த ஒரு கட்டுப்பாடே பெரிய நிம்மதி.

பள்ளித் தளம் என்பதால் இன்னொன்று. சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து நாலு எம்பி பிடிஎஃப் ஆக ஏற்றப் பார்ப்பார்கள், ஏறாது. நெட்வொர்க்கில் ஒரு கோப்பின் உச்ச அளவு 1500 கேபி என்றுதான் தொடக்கத்தில் வைத்திருக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸின் கீழ்ப்பகுதியில் அதைக் கூட்டிக்கொள்ளலாம், ஹோஸ்டிங்கில் உள்ள வரம்பும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: என் தளம் மூன்று வருடம் பழையது. நெட்வொர்க் செட்டப்பில், முகவரிக்கு முன்னால் தளத்தின் பெயர் வரும் சப்டொமைன் மட்டும்தான் காட்டுகிறது. எனக்கு முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு வரும் சப்டைரக்டரி முறைதான் வேண்டும். ஹோஸ்டிங்காரர்களுக்கும் காரணம் தெரியவில்லை.
- வாசகர், ஈரோடு

பதில்: கோளாறு எதுவும் இல்லை, வேர்ட்பிரஸ் வேண்டுமென்றேதான் தடுக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் வெளியிட்ட பதிவு ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் சப்டைரக்டரியைக் காட்டாது. ஏனென்றால் 'செய்திகள்' என்ற பெயரில் உங்களிடம் ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்து, நாளைக்கு அதே பெயரில் புதுத் தளமும் உருவானால் ஒரே முகவரிக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவார்கள். மோதல் வராது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், கான்ஃபிக் கோப்பில் சப்டைரக்டரியை அனுமதிக்கும் வரியைச் சேர்த்து இந்தத் தடையை நீக்கலாம். ஆனால் முதன்மைத் தளத்தின் பதிவு முகவரிகளுக்கு நடுவே 'பிளாக்' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும், மூன்று வருடமாக மற்றவர்கள் கொடுத்திருக்கும் இணைப்புகள் அறுந்துபோகும். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் சப்டொமைனுக்கே போய்விடுவேன். டொமைன் பெயரை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் நட்சத்திரக் குறி போட்டு ஒரு ரெக்கார்டு, அதற்கு ஏற்ற, எல்லா சப்டொமைன்களுக்கும் பொருந்தும் வைல்டுகார்டு பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று, அவ்வளவுதான். சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2018 மார்ச்சிலிருந்து அதை இலவசமாகவே தருகிறது.

கேள்வி: நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு தளத்துக்கும் சொந்த டொமைன் வைக்க முடியுமா? வைத்துப் பார்த்தேன், தளம் திறக்கிறது, லாகின் பக்கத்தில் குக்கி தடுக்கப்பட்டிருக்கிறது என்கிறது.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: வைக்கலாம். 2016-ல் வந்த 4.5 பதிப்பிலிருந்து இதற்குத் தனி ப்ளகின் தேவையில்லை. டொமைனை அதே சர்வருக்குத் திருப்பி, ஹோஸ்டிங்கில் அதை அதே ஃபோல்டருக்குக் காட்டி, நெட்வொர்க் அட்மினில் அந்தத் தளத்தின் முகவரியை மாற்றினால் போதும். இதெல்லாம் செய்துவிட்டீர்கள், அதனால்தான் தளம் திறக்கிறது. லாகினை நினைவில் வைக்கப் பிரவுசரில் சேமிக்கும் குறிப்பான குக்கி மட்டும் இன்னும் பழைய டொமைனின் பெயரில் போகிறது, பிரவுசர் அதை ஏற்க மாட்டேன் என்கிறது. கான்ஃபிக் கோப்பில் குக்கி டொமைனுக்கு ஒரு நிலையான பெயர் கொடுத்திருக்கிறதா பாருங்கள், அதை எடுத்துவிட்டு, வருகிறவர் எந்த டொமைனில் வருகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றுங்கள். பிரவுசரில் பழைய குக்கியை அழித்துவிட்டு லாகின் செய்யுங்கள்.

கேள்வி: கல்லூரித் தளத்துக்கு நான் அட்மின். தொடர்பு பக்கத்தில் கூகுள் மேப்பை ஒட்டிச் சேமித்தால் வெற்றிடம்தான் வருகிறது. நாலு முறை செய்துவிட்டேன்.
- உதவிப் பேராசிரியர், கரூர்

பதில்: மல்டிசைட்டில் ஐஃப்ரேம் (வேறு தளத்தின் பகுதியைப் பக்கத்துக்குள் காட்டும் குறியீடு, கூகுள் மேப் அப்படித்தான் வருகிறது), ஸ்கிரிப்ட் போன்றவற்றை அப்படியே ஒட்டும் உரிமை சூப்பர் அட்மினுக்கு மட்டும்தான். மற்றவர்கள் சேமிக்கும்போது வேர்ட்பிரஸ் சத்தமில்லாமல் அதை வெட்டிவிடும். ஒரு தளத்தில் யாரோ ஒட்டும் ஸ்கிரிப்ட் பக்கத்துத் தளத்தின் லாகினைத் திருடிவிடக் கூடாது என்பதற்காக வைத்த காவல் இது, சரியான காவல். சூப்பர் அட்மினை ஒட்டித் தரச் சொல்லலாம், ஆனால் பிறகு நீங்கள் அந்தப் பக்கத்தில் ஒரு கமாவைத் திருத்திச் சேமித்தாலும் மேப் மறுபடி போய்விடும். மேப்புக்கான ப்ளகின் ஒன்றை நிறுவித் தரச் சொல்லுங்கள், அதுதான் நிலையானது. யூடியூபுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, முகவரியைத் தனி வரியில் ஒட்டினாலே வீடியோ வந்துவிடும்.

கேள்வி: தளம் வடிவமைத்துத் தருவது என் தொழில். பதினான்கு வாடிக்கையாளர்கள். எல்லோரையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டால் ஹோஸ்டிங் செலவு மிச்சம் ஆகுமே?
- வாசகர், திருப்பூர்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். மல்டிசைட் என்பது கூட்டுப் பட்டா மாதிரி. அவரவர் பங்கை அவரவர் உழுது சாப்பிடும்வரை பிரச்சினையே தெரியாது, ஒருவர் பிரிந்து போகிறேன் என்றால்தான் தெரியும். ஒவ்வொரு தளத்துக்கும் டேட்டாபேஸில் எண் போட்டுத் தனி டேபிள்கள் உண்டு, படங்களுக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் எண் போட்டுத் தனி இடம் உண்டு, ஆனால் பயனர்களின் டேபிள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஏழாம் எண் வாடிக்கையாளர் 'வேறு ஆளிடம் போகிறேன், என் தளத்தைக் கொடு' என்றால், அவருடைய டேபிள்களைப் பொறுக்கி, பெயர் மாற்றி, மற்ற பதின்மூன்று பேரின் மின்னஞ்சல்கள் கூடவே போய்விடாமல் பயனர்களைப் பிரித்து, பட முகவரிகளை மாற்றி என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். ஒருவருக்கு மட்டும் நேற்றைய பேக்கப்பைத் திருப்பிப் போட வேண்டும் என்றாலும் இதே பாடுதான். முழு டேட்டாபேஸையும் திருப்பினால் மற்றவர்கள் இன்று எழுதியது அத்தனையும் அழிந்துபோகும்.

நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். ஏழு தளங்கள் இருந்த நெட்வொர்க்கில் படிவத்துக்கான ப்ளகின் ஒன்றை எல்லாத் தளங்களுக்கும் ஒரே சமயத்தில் ஆக்டிவேட் செய்தேன். இரவு பதினொன்றரை மணி. ஏழும் வெள்ளைத் திரையாகிவிட்டன, நெட்வொர்க் அட்மினும் சேர்ந்து. கடைசியில் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜருக்குள் போய் அந்த ப்ளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றியதும்தான் எல்லாம் திரும்பின. ஏழும் ஒரே நிறுவனத்துடையவை, ஒரு போன் அழைப்பில் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். உங்களுக்கானால் பதினான்கு முதலாளிகளிடமும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும், அதில் ஒருவருக்கு அன்றைக்கு ஆர்டர் வரவேண்டிய நாளாக இருக்கும்.

ஆளுக்கொரு தனி வேர்ட்பிரஸ் போட்டுக்கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே திரையிலிருந்து அப்டேட் செய்யும் மேலாண்மைக் கருவி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாடிக்கையாளருக்கே நாலு கிளைத் தளங்கள் என்றால் மட்டும் அவருக்கென்று தனியாக ஒரு மல்டிசைட் போடுங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் போலவே தளம் அமைக்க உதவும் ஜூம்லாவிலும் ட்ரூபலிலும் இதே மல்டிசைட் வசதி இருக்கிறதா?
- மாணவர், வேலூர்

பதில்: ட்ரூபலில் உண்டு. அங்கே மென்பொருள் மட்டும் பொது. சைட்ஸ் ஃபோல்டருக்குள் தளத்துக்கொரு ஃபோல்டரும் செட்டிங்ஸ் கோப்பும் இருக்கும், டேட்டாபேஸும் வழக்கமாகத் தளத்துக்கு ஒன்றாகவே வைப்பார்கள், அதனால் பிரிப்பது வேர்ட்பிரஸைவிட எளிது. ஜூம்லாவில் கூடவே வரும் வசதியாக இல்லை, வேறு நீட்சி போட்டுத்தான் செய்ய வேண்டும்.