பிசியோவில் உதவியாளர் மட்டும் வந்தால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாலு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பிசியோ அம்மா முதல் நாள் நன்றாகப் பார்த்தார். பிறகு பெரும்பாலும் உதவியாளர் தம்பிதான் பயிற்சி கொடுக்கிறார். "வீட்டு வாசலில் மூன்று படி இருக்கிறது, ஏறப் பழக்குங்கள்" என்றால், "பிசியோவைக் கேட்காமல் செய்ய மாட்டேன்" என்கிறார். தோட்டத்து ஜனம்தானே என்று ஒதுக்குகிறார்களா? – ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். காய்ச்சலோ கால்முறிவோ, எதுவானாலும் தோட்டத்து டிரெசர் கொடுக்கும் மருந்தே கதி என்றிருந்த வீட்டில்தான் நானும் பிறந்தேன். ஆனாலும் சொல்கிறேன், அந்தத் தம்பி மறுத்தது சரி.

உடம்பைச் சோதித்து, எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எப்போது கூட்டுவது என்று தீர்மானிப்பது பிசியோவின் பொறுப்பு. 2016ஆம் ஆண்டு வந்த நம் மலேசிய நாட்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றுத் தொழில் செய்கிறவர் அவர். அமெரிக்காவில் உதவியாளருக்கென்றே இரண்டு வருடப் படிப்பும் லைசென்ஸும் இருக்கின்றன. அங்கேயும் அவர் தன்னிச்சையாகத் திட்டத்தை மாற்றுவதில்லை. பலமில்லாத முழங்கால் படியில் மடங்கினால் இடுப்பெலும்பு போய்விடும், அம்மா.

உதவியாளரின் பெரிய வேலை, கவனிப்பது. பிசியோ பிரிவில் நான் இருந்தபோது ஒரு பெரியவர் வருவார். அவருடைய இடது சிலிப்பரின் நுனி மட்டும் தேய்ந்திருப்பதை முதலில் பார்த்தது உதவியாளர் பெண்தான். பாதம் தூக்காமல் தரையில் இழுபடுகிறது என்று அன்றே பிசியோவிடம் சொன்னாள். அடுத்த வாரமே கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் கிடைத்தது. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நிற்கிறவர் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும்.

அந்தத் தம்பியிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை எந்தப் பக்கம் போடுகிறார், எங்கே பிடிக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் நல்ல கைப் பக்கம்தான் போடுவார்கள். விழுந்த கையைப் பிடித்து மட்டும் தூக்கிவிடாதீர்கள். தோள் மூட்டு நழுவி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். நம் வீடுகளில் பாசத்தால் நடக்கிற தப்பு இதுதான். கைத்தடி வலது கையில் இருக்கட்டும். படிக்குப் பிசியோ சம்மதம் சொன்ன பிறகு, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலமில்லாத கால் முதலில்.

பயிற்சியின்போது நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சிவந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

"பிசியோ மறுபடி எப்போது சோதிப்பார்?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. பல வாரமாகியும் அவர் பார்க்கவே இல்லையென்றால் கவுண்டரில் கேட்டுத் தேதி வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது அந்த மூன்று படியையும் குளியலறைத் தரையையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்த் தம்பியிடம் காட்டுங்கள். படி எவ்வளவு உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று தெரிந்தால்தான் அவர் பிசியோவிடம் பேச முடியும்.